சுவருக்கு வந்த கற்கள்

"மேல தூக்கி, அப்புறம் உங்க பக்கமா இழுங்க," என்றாள் தெலேசியா. ஆபீஸ் அறையைப் பிரித்த பலகைத் தடுப்பு கொக்கியிலிருந்து விடுபட்டு ஆட்களின் கைக்கு வந்தது. அதைச் சிமெண்ட் கிடங்குக்குத் தூக்கிப் போனார்கள். அடுத்த தடுப்புக்கு அவளே போய் நின்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் உடலை ஏற்றிய வண்டி ஆபியா நகரத்தைத் தாண்டிவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து கூட வருபவர்கள் போன் செய்திருந்தார்கள்.

வீட்டு முன்னால் போட்ட கூடாரம் காலைக் காற்றில் கிழிந்து வாழைத்தோட்டத்தில் கிடந்தது. வீட்டு ஹாலில் இருபது பேர் உட்கார்ந்தால் அடுத்தவர் அடுப்பின்மேல்தான் உட்கார வேண்டும். தேவாலயக் கூடத்துக்கு இப்போது கூரை இல்லை. புதுக்கூரை போடுகிறோம் என்று அதைக் கழற்றிப் போட்டதே இவர்கள் கம்பெனிதான். தம்பி சேஃபோ மழையில் நனைந்தபடி எல்லா வழியையும் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளிடம் வந்து, உன் ஆபீஸைத் திறந்துவிடலாமா என்று கேட்டான். அதுவரை அதை அவன் ஆபீஸ் என்றே சொன்னதில்லை. பாட்டுக்குழு மண்டபம் என்றுதான் கேலி செய்வான்.

அப்பா போன பிறகு ஒரு லாரியையும் ஒரு கலவை மெஷினையும் வைத்துக்கொண்டு அம்மா மகெரிதா நடத்திய கம்பெனி அது. இப்போது தீவின் இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது. கணக்குப் பார்ப்பவர்கள் சமையலறையில் உட்கார்ந்து, பில்லெல்லாம் தேங்காய்ப்பால் வாசனை அடிக்க ஆரம்பித்ததும், புது ஆபீஸுக்குத் திட்டம் போடும் பொறுப்பை அம்மா தெலேசியாவிடம் கொடுத்தாள். அவள் போட்டது ஒரே நீள அறை. ஓரம் முழுக்கத் தூண்கள், நடுவே வரைபடம் விரிக்கப் பெரிய மேசை. மேஸ்திரிகள் சேற்றுக் காலோடு பின்வாசலில் வந்து, கிடங்கு ஜன்னலில் சாமான் வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடலாம். நடுவில் கொக்கியில் மாட்டிய தடுப்புகள். அடுத்த வருஷம் ஆள் கூடினால் தடுப்பை நகர்த்தினால் போதும்.

சேஃபோவுக்கு இது பிடிக்கவில்லை. கல் சுவர், கதவு, ஏசி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் வேண்டும் என்றான். பேங்க்காரன் வந்தால் பாயிலா உட்கார வைப்பது என்று கேட்டான். இங்கே தம்பி அக்காவை எதிர்த்துக் கத்தினால் ஊரே காறித் துப்பும். அதனால் அவன் கத்தவில்லை. லாரி நிறைய சிமெண்ட் கல்லைக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் இறக்கினான். விஷயம் அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போனது.

"திங்கக்கிழமை நானே வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை போய்விட்டாள். இன்று திங்கட்கிழமை. வண்டி வந்ததும் பெட்டியை இறக்கி, வரைபட மேசை இருந்த இடத்தில் மெல்லிய பாய்களை விரித்து அவற்றின்மேல் வைத்தார்கள். பாக்க வந்துட்ட, சொல்லாமப் போறியே என்று தெலேசியாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பின்னால் வந்தது.

உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் சபையில் ஊருக்காகப் பேசும் பேச்சுத் தலைவர் லெமாஃபு, கையில் கோலோடு வந்தார். குலப் பட்டம் உள்ள பெரியவர் சபையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு தூண் வேண்டும், அதுவும் அவருக்கு உரிய தூணாக இருக்க வேண்டும். சேஃபோ கட்டிய ஒரு கல் வீட்டில் போன மாதம் நடந்த சாவில், தூண் இல்லாததால் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பிடாமலே எழுந்து போனார். இப்போது வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தெலேசியாவும் அவர் பார்வை போன தூண்களையே பார்த்தாள். தூண்களை அவள் மேசைக் கணக்குக்குத்தான் நிறுத்தியிருந்தாள். ஆனால் ஊர்ச் சபை வீட்டில் நிற்பது போலல்லாமல் வேறு மாதிரித் தூண்களைப் பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

லெமாஃபு நேராக முன்வரிசைத் தூணுக்கு நடந்து, சம்மணம் போட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஊர்த் தலைவர்கள் அறையின் இரண்டு முனைக்கும் போனார்கள். இங்கே, அங்கே என்று யாரும் கை காட்ட வேண்டியிருக்கவில்லை. சாவுக்குச் சீராகப் பாய் கொண்டுவந்த பெண்கள் முன்னால் நுழைந்து பக்கவாட்டில் வெளியேறினார்கள். மீன் டப்பாப் பெட்டிகளும் சுட்ட பன்றியும் பின்வாசலில் வந்து, கிடங்கு ஜன்னல் வழியாக ஆட்கள் கைக்குப் போயின. அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட அம்மாவுக்குக் குறுக்கே நடக்கவில்லை. தெலேசியா கண்ணைத் துடைத்துத் துடைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தின் நடுவே இப்படி நெஞ்சு நிமிரும் என்று அவள் நினைத்ததில்லை.

பேச்செல்லாம் முடிந்ததும் லெமாஃபு தூணைத் தட்டிப் பார்த்தார். "இந்த இடம் யார் போட்டது?"

சேஃபோ தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அக்கா போட்டதுங்க, ஐயா," என்றான்.

"அதானே பாத்தேன். நீ போட்டிருந்தா நான் இன்னைக்கும் பட்டினிதான்."

கூடம் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து சேஃபோவும் சிரித்தான்.

சாயங்காலம் மழை விட்டது. வீட்டுப் பக்கத்தில், அப்பாவின் கல்லறைக்கு அருகில் அம்மாவை இறக்கி மண் மூடினார்கள். கல்லறை கட்டக் கிடங்கில் கல் இல்லை, ரோட்டில் வெள்ளம், லாரி நாளைக்கும் வராது என்று மேஸ்திரி பெனி கையைப் பிசைந்தார்.

"அதான் ஆபீஸ் வாசல்ல கெடக்கே," என்றான் சேஃபோ.

பெனி தெலேசியாவை ஒரு பார்வை பார்த்தார். "அது சுவருக்குன்னு சொன்னீங்களே, தம்பி."

"எந்தச் சுவரு?" என்றான் சேஃபோ. முதல் கல்லை அவனே தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

அந்த வாரக் கடைசியில் தடுப்புகளைத் திரும்ப மாட்டினார்கள். கல்லறைக்குப் போக மிச்சமிருந்த கற்களைத் தெலேசியா பின்வாசலில் வரிசையாகப் போட்டு வைத்தாள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தவர்கள் அதில் உட்கார்ந்து சேற்று பூட்ஸைக் கழற்றினார்கள். கடைசிக் கல்லில் சேஃபோ, ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு இன்னொன்றின் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தான்.