பலகையில் பாதி மழை

விதை மூட்டையை வாசலில் பொத்தென்று இறக்கிவிட்டு, கருத்தையா மகளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தே ரொம்ப நாளாயிற்று.

“ஒன் போர்டப் பாத்துத்தாம்ட்டி ஊரே வாங்கியிருக்கு. எம் மவ எழுதுனது, நம்பி வாங்குங்கலேன்னு நாந்தான் சொன்னேன். விடியவும் ஏரு பூட்டணும்.”

கிருஷ்ணவேணி மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். “போர்டுல என்ன இருந்துச்சு?”

“புதன், வியாழன் மழைக்கு வாய்ப்புன்னு.”

“அதுக்குக் கீழ?”

“நயம் பருத்தி விதை வந்துவிட்டதுன்னு.”

அதை அவள் எழுதவில்லை.

அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது; பி.எஸ்சி. இயற்பியல். படித்த படிப்புக்குக் கிடைத்தது, கோவில்பட்டியில் சுந்தரபாண்டியன் விதைக்கடையில் பில் போடும் வேலை. வியாழக்கிழமை ரேடியோவில் சொல்லும் வார வானிலையைக் கேட்டு, மறுநாள் கடை வாசல் கரும்பலகையில் அவள் எழுத வேண்டும். இன்று காலையில் எழுதியது இரண்டு வரி. மழைக்கு வாய்ப்பு என்பது முதல் வரி. ‘லேசான தூறல் மட்டுமே, பின்பு வறண்ட வானிலை’ என்பது இரண்டாவது. மத்தியானமே முதலாளி அவளை வீட்டுக்குப் போகச் சொன்ன காரணம் இப்போது விளங்கியது.

கரிசலில் மழைக்கு முந்தியே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நல்ல மழை விழும்வரை விதை பேசாமல் உள்ளே கிடக்கும். அரைகுறையாகத் தூறினால் ஏமாந்து முளைவிடும், அப்புறம் ஈரமில்லாமல் கருகும். மறுபடி விதை வாங்க அந்த ஊரில் ஒருவருக்கும் வக்கில்லை.

“அப்பா, வெதைக்காதிய. இது கடல்ல இருந்து வார மேகம் இல்ல. கெழக்குக் காத்து இன்னும் திரும்பல. பகல் வெயிலுக்குத் தரை சுட்டு, சூட்டுக்காத்து ஈரத்தத் தூக்கிட்டு மேல போவுது. மேல குளுந்து, தூசியில ஒட்டித் துளியாவுது. சோத்துப்பானை மூடியில தண்ணி கோத்து நிக்கும்லா, அப்படி. ரெண்டு தெருவுக்குத் தூறிட்டுக் கலைஞ்சிரும்.”

“சோத்துப்பானை மூடிய எனக்குச் சொல்லித் தாரியாக்கும்?” சிரிப்பு செத்துவிட்டது. “நீ எழுதலேன்னா இன்னும் பத்து நாளு வானத்தப் பாத்துட்டுத்தான் வெதைச்சிருப்பேன். இப்ப நான் மட்டும் நிப்பாட்டுனா? ஊரை எறக்கிவிட்டுட்டு அவன் தப்பிச்சிக்கிட்டான்னு காறித் துப்ப மாட்டானுவளா?”

“நான் போயி எல்லார்ட்டயும் சொல்லுதேன்.”

சொன்னாள். டீக்கடையில், விதை வாங்கி வந்திருந்த இசக்கிபாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான். “காலையில மழைங்குற, சாயங்காலம் இல்லைங்குற. வானம் என்ன ஒங்க வீட்டு லைட்டா, சுச்சப் போட்டு அணைக்க?”

கடையே சிரித்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கடைக்குப் போய் இறங்கினாள். சுந்தரபாண்டியன் கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த வரிய ஏன் அழிச்சிய?”

“எடம் பத்தல, தாயி. மழைன்னு எழுதுனது பொய்யா? பெய்யும்லா? அப்புறம் என்ன?”

“தூறல்னு இருந்துச்சே.”

“தூறல்னு எழுதுனா எவன் வாங்குவான்? ஆடு மேய்ச்ச வீட்டுப் புள்ளைக்கு நாற்காலி போட்டுக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்.”

“ஆடு மேய்ச்ச வீடுதான் அண்ணாச்சி. அடுத்தவன் வெள்ளாமையில வாய வச்சா, எந்த ஆடா இருந்தாலும் அடிச்சுத்தான் பத்துவோம்.”

வெளியே வந்து பலகையைப் பார்த்தாள். காய்ந்த துணியால் துடைத்திருக்கிறார். அவருடைய சாய்ந்த எழுத்துக்கு அடியில் அவள் எழுத்து மங்கலாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணியிலிருந்து பலகையைக் கழற்றினாள்.

“ஏட்டி! போர்ட வையி! வேலையும் கெடையாது ஒனக்கு!”

“நீங்களே வச்சுக்கிடுங்க ஒங்க வேலைய.”

பஸ்ஸில் கண்டக்டர் பலகைக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

அவள் ஊர் திரும்பியபோது கரிசல் காட்டில் ஏர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கருத்தையா மடியில் விதையோடு மாட்டுக்குப் பின்னால் நின்றார். வண்டிப்பாதை ஓரத்துக் கருவேல மரத்தில் பலகையைச் சாத்தி வைத்தாள்.

“வாங்க. வந்து வாசிங்க.”

இசக்கிபாண்டி குனிந்து, தலையைச் சாய்த்து, எழுத்துக் கூட்டினான். “லேசான… தூறல்… மட்டுமே.” இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாதி நிலத்தில் அவன் ஏற்கெனவே விதைத்து முடித்திருந்தான். கோபம் கடைக்காரர்மேல் போகவில்லை, அவள்மேல் திரும்பியது.

“இத நேத்தே கொண்டாந்து காட்டுனா என்ன, எளவு?”

“நேத்து வாயால சொன்னேன். சிரிச்சிய.”

கருத்தையா மடி விதையைச் சாக்கில் கொட்டினார். மாட்டை அவிழ்த்தார். மற்ற ஏர்களும் ஒவ்வொன்றாக நின்றன.

புதன்கிழமை தூறியது, புழுதி அடங்கும் அளவுக்கு. வியாழக்கிழமை அதுவும் இல்லை. பிறகு வெயில் ஏறியது. இசக்கிபாண்டியின் பாதி நிலம் பச்சை கட்டி, வாடி, கருகியது. எதிரே வந்தால் அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவளும் ஒதுங்கவில்லை.

பலகை பஸ் ஸ்டாப் வேப்பமரத்தில் தொங்கியது. ‘மழை இல்லை, விதைக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தாள். விதைக்கடை ஆள் அதைக் கேட்டு வந்தபோது கருத்தையாதான் குறுக்கே நின்றார்.

“போர்டு கடைச் சொத்து, அண்ணாச்சி.”

“இசக்கிபாண்டிக்குக் கருகுன வெதைய ஒங்க முதலாளியக் கொண்டாந்து குடுக்கச் சொல்லு. அப்புறம் போர்டக் கேளு.”

டீக்கடை பெஞ்சில் இருந்த இசக்கிபாண்டி நிமிர்ந்து பார்த்தான். எழுந்து வந்து, கருத்தையா பக்கத்தில் நின்றுகொண்டான். கிருஷ்ணவேணியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கடை ஆள் வெறுங்கையோடு பஸ் ஏறினான். கிருஷ்ணவேணி ஜன்னல் வரைக்கும் போய்ச் சொன்னாள்: “அடுத்த வெள்ளிக்கிழமையும் இங்கனதான் எழுதுவேன். போயிச் சொல்லு.”