லென்ஸ் தாத்தா பாராட்டிய ஒரே கேமரா

“பில் போட்டுடுங்க” என்று அப்பா சொல்லிவிட்டார். டை கட்டிய விற்பனையாளன் பெட்டி எடுக்கக் கிடங்குப் பக்கம் போய்விட்டான். மகள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அது வேணாம்ப்பா. பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்கே, அத எடுத்துக்கலாம்.”

“எது, இந்தத் தீப்பெட்டியா?”

“அதுல கார்டுல பதிவாகும். தனியா மைக்கும் மாட்டிக்கலாம். நீங்க எடுக்கறதுல உள்ள ஹார்ட் டிஸ்க் சுத்திக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தமும் சேர்ந்து விழும்ப்பா.”

“சுத்தாதா பின்ன? சுத்தினாத்தானே பதிவாகும்? யார் சொன்னா உனக்கு?”

அவள் மறுபடி அந்தச் சின்னக் கேமராவைக் காட்டினாள்.

“பெரியவர் அப்படி ஒண்ணும் சொல்லலையே” என்று அப்பா கண்ணாடி அலமாரியைக் காட்டினார். அவர் கேட்ட கேமராவின் தலைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘லென்ஸ் தாத்தாவே பாராட்டிய கேமரா!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே விமர்சனம் முழுவதும், ஒரு வரி விடாமல். கடைக்காரர்களே அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

“நாப்பது வருஷம் கேமரா பிடிச்ச மனுஷன். ஊர்ல இருக்கற அத்தனை கேமராவையும் காறித் துப்பினவர், இது ஒண்ணத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்கார். அவரை விட உனக்குத் தெரியுமோ?”

லென்ஸ் தாத்தாவுக்கு வயது பதினாறு. கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவர். அந்த நேரத்தில் மூக்கு நுனியில் ஒரு பருவோடு, அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தபடி நின்றிருந்தார்.

‘லென்ஸ் தாத்தா’ என்ற பெயரில் கேமராக்களை விமர்சிக்கும் வலைப்பக்கத்தை அவள் ஆரம்பித்ததே எரிச்சலில்தான். பெட்டியின் மேல் ‘ஜூம் இரண்டாயிரம் மடங்கு’ என்று போட்டிருந்தால் வாயைப் பிளக்கிற ஜனங்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் முக்கால்வாசி டிஜிட்டல் ஜூம், படத்தை ரப்பர் மாதிரி இழுத்துக் காட்டுகிற வேலை என்று வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “போய்ப் படி” என்றார் அப்பா. படித்தாள். ஹை டெஃபனிஷன் கேமராக்களின் விவரப் பட்டியல்களையும் வெளிநாட்டுக்காரர்கள் செய்து போட்ட சோதனைகளையும் ராப்பகலாகப் படித்தாள். பதினாறு வயதுப் பெண் சொன்னால் எவன் கேட்பான் என்று நரைத்த மீசை வைத்த ஒரு படத்தைப் போட்டு, தாத்தாவாகிவிட்டாள். ஒரு கேமராவைக்கூட அவள் கையால் தொட்டதில்லை. தேவைப்படவும் இல்லை. திட்டுவதற்குத் தொட வேண்டியதில்லை.

‘பெட்டியில் ஹை டெஃபனிஷன் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. இந்தக் கேமராவிலேயே தெளிவாக இருப்பது அந்த ஸ்டிக்கர்தான்’ என்று ஒன்றைப் பற்றி எழுதினாள். ‘இதை வாங்குகிறவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுக் கேமராவைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். தூக்கிவரும் சிரமமாவது மிச்சம்’ என்று இன்னொன்றைப் பற்றி. திட்டத் திட்டக் கூட்டம் சேர்ந்தது. ‘செருப்பால் அடித்த மாதிரி சொன்னீர்கள் ஐயா, நன்றி’ என்று பின்னூட்டம் போட்டார்கள். செருப்படிக்கு நன்றி சொல்கிற கூட்டத்தை என்னவென்று சொல்வது? அவளுக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பாக வந்தது.

அந்தக் கூட்டத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. முதலாளி இல்லாத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் லென்ஸ் தாத்தாவைப் படித்துவிட்டு வந்து, சாப்பிடும்போது மகளுக்கே ஒப்பிப்பார். “லென்ஸ் விஷயத்துல எங்கிட்ட யாரும் கத விட முடியாது. இந்த மனுஷன் விஷயம் தெரிஞ்சவரு.” அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். சொந்தப் பெண் சொன்னால் ‘போய்ப் படி’. மீசை வைத்த படம் சொன்னால் பெரியவர். இப்படியும் ஒரு அப்பா.

வினை ஒரு பின்னூட்டத்தில் வந்தது. ‘தாத்தாவுக்கு எதுவுமே பிடிக்காதா? இல்லை, தாத்தா கேமராவைத் தொட்டதே இல்லையா?’ என்று எவனோ கேட்டுவிட்டான். சுருக்கென்றது. அன்றைக்கே ஒரு கேமராவைப் பொறுக்கி எடுத்துப் பாராட்டினாள். படம் பற்றி எழுதியதில் குற்றமில்லை, வெளிநாட்டுச் சோதனையில் அதன் படம் நன்றாகவே தேறியிருந்தது. ஒலி பற்றிய பக்கம் மட்டும் திறக்கவில்லை. அதற்காகக் காத்திருக்க அவளுக்குப் பொறுமையும் இல்லை. ‘நானே என் வீட்டில் பதிவு செய்து கேட்டேன். அடுத்த அறையில் என் மனைவி என்னைப் பற்றி முணுமுணுத்ததுகூடப் பிசிறில்லாமல் விழுந்திருக்கிறது’ என்று எழுதிவிட்டாள். மனைவி வேறு. அதுதான் தாத்தாவின் பக்கத்திலேயே பெயர்பெற்ற வரியாகிவிட்டது.

பிறகு, வாங்கிய ஒருவர் எழுதினார்: ‘ஐயா, அமைதியான அறையில் எடுத்தால் ஒரு ரீங்காரம் கேட்கிறது.’ தாத்தா பதில் போட்டார்: ‘முதலில் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுது பாருங்கள்.’ எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம்தான் வெளிநாட்டுக்காரர்களின் ஒலிப் பக்கம் திறந்தது. அந்த மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உள்ளே சுற்றுகிற டிஸ்க்கின் சத்தத்தை மைக் பிடித்துக்கொள்கிறது. அவள் விமர்சனத்தைத் திருத்தவில்லை. இத்தனை பேர் கைதட்டிய ஜோக்கை எப்படி வாபஸ் வாங்குவது?

அம்மாவின் தொண்டை அப்போதே கட்டியிருந்தது. சளி என்று நினைத்தார்கள்.

அம்மா ஒரு பெரிய சலவைக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவள். துவைக்கிற இயந்திரங்கள் பத்தும் ஒன்றாய் ஓடினாலும் அதற்கு மேலே கேட்கும் குரல். அந்தக் குரல் கிழிந்த தாள் மாதிரி ஆகி, பிறகு காற்றும் அரைச் சொல்லுமாக ஆனது. டாக்டர் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு மட்டும் போய்விடும். நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், நாளைக்கே ஆபரேஷன். அதற்குள் அம்மா பேசுவதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். எந்தக் கேமரா என்று வீட்டில் மூச்சு விடவில்லை. “சொல்லி வச்சிருக்கேன், சரக்கு வரட்டும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் வந்தது.

விற்பனையாளன் பெட்டியோடு திரும்பி வந்தான். “லக்கி சார் நீங்க. தாத்தா எழுதினதுக்கப்புறம் இது நிக்கவே மாட்டேங்குது.”

“அண்ணா, இதுல பேசி, ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமா? அமைதியான எடத்துல?”

“பாப்பா, எங்க கடையில எல்லா ஐட்டமும் இருக்கு, அமைதி மட்டும் ஸ்டாக் இல்ல” என்று அவன் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான். சுவர் முழுக்க டிவிக்கள் அலறிக்கொண்டிருந்தன. வேண்டுமானால் பாருங்கள் என்று காட்சிக்கு வைத்திருந்த கேமராவை எடுத்து “ஹலோ ஹலோ” என்று அதில் கத்தி, போட்டும் காட்டினான். நகம் அளவு ஸ்பீக்கரில் ஹலோ ஹலோ என்று கேட்டது. அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

“பாத்தியா? கணீர்னு இருக்கு.”

இவனுக்கு டை ஒரு கேடு என்று அவள் நினைத்தாள். இப்போது சொல்லியாக வேண்டும். நான்தான்ப்பா லென்ஸ் தாத்தா. மூன்று சொல். அவன் எப்படிச் சிரிப்பான் என்று தெரிந்தது. அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்பதுதான் தெரியவில்லை.

“அப்பா... அந்தத் தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. சும்மா அடிச்சு விடறாரு.”

“ஏய்! வயசுல பெரியவங்கள அப்படிப் பேசாத. நாலு பேருக்கு நல்லது சொல்லி உக்காந்திருக்காரு பாவம், காசு வாங்கிக்கிட்டா எழுதறாரு?”

அவள் மறுபடி வாயெடுப்பதற்குள் விற்பனையாளன் சாவியால் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்து, உத்தரவாத அட்டையை உருவி முத்திரை குத்திவிட்டான். “பிரிச்சதைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார், சொல்லிடறேன்.”

“எதுக்குத் திரும்பத் தரப் போறோம்?” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா தலை வாரி, வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள்.

“கல்யாணமான நாள்லேருந்து வாய மூடு வாய மூடுன்னவரு, இப்ப பேசு பேசுங்கறாரு” என்றாள் மகளிடம். பாதிதான் குரல், மீதி காற்று. “என்னத்தப் பேச?”

“எதையாவது. என்னைத் திட்டு.”

“அதுக்கு ஒரு மெஷின் பத்தாதே.”

ஆனாலும் திட்டினாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதில் ஆரம்பித்து, அப்பாவின் அக்கா வரைக்கும் போனாள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். பிறகு ஒயரை டிவியில் மாட்டிப் போட்டார்கள்.

படம் பளிங்கு மாதிரி இருந்தது. அம்மாவின் காதோர நரைமுடிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. சத்தம்தான். ர்ர்ர்ர் என்று ஒரே சீரான இரைச்சல், அதற்கு மேல் மணல் கொட்டுவது போல ஒரு ஸ்ஸ்ஸ். அம்மாவின் வாய் அசைந்தது. இரைச்சலுக்கு அடியில் யாரோ எங்கோ பேசுவது போல இருந்தது.

அப்பா டிவியின் ஒலியைக் கூட்டிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. “ஃப்ரிட்ஜு! பெரியவர் அன்னைக்கே சொன்னாரு!” என்று எழுந்து ஓடிப் போய் ஃப்ரிட்ஜை நிறுத்தினார்.

மறுபடி எடுத்தார்கள். இரைச்சல் கூடியிருந்தது. மின்விசிறியை நிறுத்தினார். இன்னும் கூடியது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். ஜன்னலை அடைத்தார். புழுக்கத்தில் மூன்று பேருக்கும் வியர்த்து வழிந்தது. வீடு அமைதியாக ஆக ஆக அந்தச் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். சுற்றிலும் சத்தம் குறைந்தால் இந்த மாதிரிக் கேமரா தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளும். தீட்டிய காதில் முதலில் விழுவது அதன் வயிற்றுக்குள்ளே சுற்றுகிற டிஸ்க்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நிற்கிற அப்பாவைப் பார்த்து, இவ்வளவு அப்பாவியாகவா ஒரு மனிதர் இருப்பார் என்று வழக்கம்போல ஏளனம் கிளம்பியது. பாதி வழியில் அது நின்றுவிட்டது.

“அடுத்து என்ன, என் மூச்சையும் நிறுத்தணுமா?” என்றாள் அம்மா. இந்த முறை ‘மூச்சை’ என்ற சொல் வெளியே வரவேயில்லை. உதட்டசைவில்தான் புரிந்தது.

“செல்போன்ல எடுக்கலாம்ப்பா. கிட்ட வச்சு. இப்பவே.”

“அந்த ஓட்டை போன்லயா? கெணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கும். மெஷின் நல்ல மெஷின்மா. எனக்குத்தான் பிடிக்கத் தெரியல.” அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீ இனிமே பேசாத. தொண்டைய மிச்சம் வை. நான் பெரியவரக் கேட்டுடறேன். கேட்டவங்க யாருக்கும் அவர் பதில் போடாம இருந்ததில்ல.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். முடித்துவிட்டு மகளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். “இங்கயே பாத்துக்கிட்டு இரு. பதில் வந்த உடனே ஒரு குரல் குடு.” கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தார். இருட்டிவிட்டிருந்தது. விளக்கைத் தவிர வீட்டில் எதுவும் ஓடவில்லை.

அவள் மெதுவாக, சத்தம் வராமல், தாத்தாவின் பக்கத்தைத் திறந்தாள். வழக்கமான செருப்படி ரசிகர்களுக்குக் கீழே கடைசியாக அது இருந்தது.

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் பாராட்டிய கேமராவை இன்று வாங்கினேன். படம் மிக அருமை. என் மனைவிக்கு நாளை குரல்வளை எடுக்கிறார்கள். இன்று ஒரு நாள்தான் பேசுவாள். ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் நிறுத்திவிட்டேன். ஆனாலும் இரைச்சல் வருகிறது. தவறு என்னுடையதுதான், கேமராவைக் குறை சொல்லவில்லை. அவள் மேற்கொண்டு பேசாமல் தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். தாங்கள் தங்கள் வீட்டில் பதிவு செய்தபோது, கேமராவைத் தங்கள் துணைவியாரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள் ஐயா?’