ஞாயிற்றுக்கிழமை முகம்

விருந்தாளி வருகிறார் என்றால் எல்லோரும் வீட்டை ஒழுங்குபடுத்துவார்கள். சின்னவள் கலைத்துப் போடுவாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வருவதற்கு அரைமணி நேரம் முன்னால், கழுவி அடுக்கிய பாத்திரங்களில் நாலைந்தை எடுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளிப்பாள். மடித்து வைத்த துணிகளை உதறிக் கட்டிலில் குவிப்பாள். பழைய லேப்டாப்பை மேசைமேல் திறந்து வைத்து, வேலைவாய்ப்புப் பக்கம் ஒன்றைத் தட்டி விடுவாள். கடைசியாகத் தலையைக் கொஞ்சம் கலைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை முகம் தயார்.

இத்தனை கூத்தும் எதற்கென்றால், அவள் சந்தோஷமாக இருந்தாள். அது அக்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

அக்கா பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். அப்பா போன பிறகு வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. யார் என்ற கேள்வியே எழவில்லை. பத்தொன்பது வருடமாக ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசை. தைத்து வரும் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கும் வேலை. உட்கார்ந்தால் கண் அசரும் என்று நாற்காலி கொடுப்பதில்லை. சாயங்காலமானால் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். அக்கா அப்படி நின்றதில் படித்தவள்தான் சின்னவள். கட்டட வரைபடம் போடும் படிப்பு. பட்டம் வாங்கிய படத்தை அக்கா தன் மேசையோரம் ஒட்டி வைத்து, புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்திக்கும் காட்டுவாள்.

அந்தப் படத்துக்காரி ஆறு வருடம் ஒரு கம்பெனியில் வரைந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி வேறு ஊருக்குப் போயிற்று, வேலையும் போயிற்று. ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேறு வேலை தேடலாம் என்றுதான் வீட்டில் உட்கார்ந்தாள். முதல் வாரம் தூங்கினாள். இரண்டாம் வாரம் பொழுது போகாமல் சமையலறையை அளந்தாள். எட்டடிக்கு ஆறடி. அளவு பிசகாமல் காகிதத்தில் வரைந்து, எந்தச் சாமான் எங்கே இருந்தால் கை எட்டும் என்று யோசித்து, பலகைகளைத் தானே மாற்றி ஆணி அடித்தாள். பருப்பு டப்பாவுக்கும் உப்பு டப்பாவுக்கும் வரைபட எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். கம்பெனியில் அவள் போட்ட அறுபது கட்டடத்தில் ஒன்றில்கூட அவள் கால் வைத்ததில்லை. இந்த எட்டடிக்குள் தினமும் நடந்தாள்.

அவளும் கணவரும் இருந்த வீட்டை விட்டு இரண்டு அறை வீட்டுக்கு மாறினார்கள்; அங்கேயும் சமையலறையை அளந்து, அதே பலகைகளை அடித்து டப்பாக்களை அடுக்கினாள். வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். கிழிந்த விரிப்பை அவளே தைத்தாள். மூன்றாவது மாதம் அவளுக்குப் புரிந்துவிட்டது, இதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று. அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? நீ நின்று படிக்க வைத்தாய், நான் உப்பு டப்பாவுக்குப் பெயர் எழுதிக்கொண்டு சுகமாக இருக்கிறேன் என்றா?

அந்த மாதம் அக்கா கேட்டாள். "என்னடி, எங்கயாவது எழுதிப் போட்டியா?"

"போடணும்க்கா. ஆனா... அவர் வேண்டாங்கிறார்."

வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. அக்கா முகம் கறுத்ததைப் பார்த்ததும் பதறினாள்; ஆனால் விழுந்ததைத் திரும்ப அள்ளிக்கொள்ளவில்லை. வசதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதுதான் உண்மை.

அந்த 'அவர்' ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வாசலில் துடைப்பம் விற்க வருபவனிடம்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இரண்டு வாங்குகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் என்பதால் வீட்டில் நடக்கும் கூத்து அவருக்குத் தெரியாது. அவர் திரும்பி வரும் நேரத்துக்கு அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "வாங்கக்கா" என்பார். அக்கா செருப்பைப் பார்த்துக்கொண்டே படி இறங்குவாள்.

"அக்காவுக்கு என்மேல என்ன கோவம்? நான் எதாச்சும் தப்பா பேசிட்டேனா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அவ சுபாவமே அப்பிடித்தான், விடுங்க."

அவர் விட்டுவிட்டார். சின்னவள்தான் தட்டைப் பாதியில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்காவைப் பற்றியும் பொய், இவரைப் பற்றியும் பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன புதன்கிழமை அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

முற்பகல் பதினொன்று இருக்கும். கதவு திறந்திருந்தது. சின்னவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் நிலைப்படியில் அக்கா. பட்டாணி உருண்டு ஓடியது.

அக்கா கண்ணைச் சுழற்றினாள். தொட்டி காலி. துணி மடித்தபடி. தரை முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. மாட்டிக்கொண்டோம் என்று சின்னவள் நினைத்தாள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அக்காவின் கண் கலங்கிற்று. "இவ்வளவு வேலை வாங்குறானா உன்கிட்ட? நான் வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும்தான் உன்னை உக்கார விடறானா?"

"அக்கா, அப்பிடி இல்ல..."

"பாட்டுப் பாடி மனசத் தேத்திக்கிற அளவுக்குக் கொண்டு வந்துட்டானே, பாவி!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்கா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். தொழிற்சாலையில் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறார்களாம். வரைபடம் பார்க்க ஆள் வேண்டுமாம். மேலாளரின் அறை வாசலில் மூன்று நாள் காத்து நின்று, தங்கச்சிக்காகச் சொல்லி வைத்திருக்கிறாள். நாளைக் காலை நேரில் போக வேண்டும். "அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயே திறக்காதே."

வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். திறக்கவில்லை. எழுந்து போய் டீ போட்டாள்.

சாப்பாட்டுக்கு வீடு வந்தார் கணவர். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்கக்கா, எப்ப வந்தீங்க?" என்றார்.

"நான் வந்தது இருக்கட்டும். படிச்ச பொண்ண வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? வேலைக்குப் போகக்கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு? அவளப் படிக்க வச்சது நான்!"

அவர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தழைத்துக்கொண்டாள். அவ்வளவு போதும், அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது உள்பட. மெதுவாகக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"என் தப்புதான்க்கா," என்றார். "நான்தான் ஏதோ சொல்லிட்டேன். இனிமே சொல்லல."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது மடல் சிவந்துவிட்டது. திட்டியிருந்தால் சின்னவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"அவர் சொல்லல அக்கா."

"நீ சும்மா இருடி."

"அவர் ஒரு நாளும் சொல்லல! நான்தான் போகல. எனக்குப் போகப் பிடிக்கல. இந்த வீட்ல, இப்பிடி இருக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. அதான் அவர்மேல போட்டுட்டேன்." தலையிலிருந்து கால்வரை கூசியது. "நீ காலெல்லாம் வீங்க நின்னு படிக்க வச்சே. நான் இங்க சுகமா உக்காந்திருக்கேன்னு எப்பிடி சொல்லுவேன்?"

அக்கா சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள். பலகைகளையும், டப்பாக்களையும், அதில் ஒட்டிய எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சட்டையில் தையல் பிசகு தேடுகிற அதே பார்வை. பிறகு கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"சார், நாந்தான். செக்கிங்... ஆமா சார். தங்கச்சி நாளைக்கு வரல. இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்ல இருக்கறதுதான் அவளுக்குப் பிடிச்சிருக்காம்... மன்னிச்சுக்கோங்க சார்."

ஃபோனை உள்ளே வைத்துவிட்டுக் கணவரிடம் திரும்பினாள். "உங்களக் கண்டபடி நெனச்சுட்டேன், மாப்பிள்ளை." அவர், "பரவால்லக்கா, உக்காருங்க, சாப்பிட்டுப் போகலாம்," என்று பதறினார். அக்கா உட்காரவில்லை. மதிய ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

சின்னவள் வாசல்வரை பின்னாலேயே போனாள். "அக்கா, என்னைத் திட்டிட்டாவது போ."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு வருஷமா அந்த மேசைகிட்ட நின்னுக்கிட்டு உன்னை நெனச்சுத்தாண்டி அழுதேன். நீ நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பிடி நின்னது எனக்கு வலிச்சிருக்காது."

சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கால் ஊன்றி, மெதுவாக இறங்கினாள்.