நினைவு இல்லத்தின் பின்னறை

என் அப்பா லாசரஸ் பெரிய எழுத்தாளர். அவர் போன மறுவருடமே, ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டை நினைவு இல்லமாக்கிவிட்டார்கள். அவருடைய செருப்புக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். பின்னறையில் குடியிருக்கும் எனக்கு ஒரு ஃபேன் மாட்ட அனுமதி இல்லை. எல்லாம் அப்பா காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டுமாம். கேஸ் அடுப்பு கூடாது, கிணற்றில் மோட்டார் கூடாது. வயல்கள் மனைகளாகி, தொண்ணூற்றிரண்டில் சுற்றிலும் மாடி வீடுகள் வந்துவிட்டன. நான் மட்டும் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பார்க்க வருகிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பாவை விட்டுப் போகமாட்டேன் என்று வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழிக்கும் மகளை அவர் ஒரு நாவலில் எழுதித் தொலைத்திருந்தார். "அந்தப் பொண்ணு நீங்கதானே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வரன்களைத் தட்டிக்கழித்தவர் அப்பாதான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்படி இருக்கும்போதுதான் எட்மண்ட் என்னைப் பெண் கேட்டார். தாம்பரத்தில் ரயில்வே கிளார்க். அப்பா புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர் என்று தெரிந்தபோது கொஞ்சம் உதைத்தது. ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்றார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கமாட்டார்கள். அந்த குவார்ட்டர்ஸுக்காகவே சரி என்றேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் கடைசி ஓலையும் வாசித்துவிட்டார்கள். இனி யாரும் பின்வாங்க முடியாது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலம், நினைவு இல்லக் கமிட்டிச் செயலாளர் ஜெயவேலுவைக் கூட்டிக்கொண்டு எட்மண்ட் வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"நல்ல சேதி, ஜெயசீலி. குவார்ட்டர்ஸ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏங்க?"

"நாம இங்கயே இருக்கப்போறோம். கமிட்டில ஒத்துக்கிட்டாங்க. அப்பாவோட வீட்ட விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நீங்க உள்ளுக்குள்ள எவ்ளோ தவிச்சிருப்பீங்க! எனக்குத் தெரியாதா?"

"எனக்குப் போகணுங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "எனக்கு இந்த வீடு பிடிக்கல. எப்பவுமே பிடிச்சதில்ல."

எட்மண்டின் கண் கலங்கிவிட்டது. ஜெயவேலு பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? எனக்காக விட்டுக்குடுக்கறாங்க. நாவல்லயும் இப்படித்தானே, மனசுல இருக்கறத மறைச்சுப் பேசுவா. அதே பொண்ணு சார்!"

"அதே பொண்ணுதான்," என்றார் ஜெயவேலு. அவருக்கும் குரல் தழுதழுத்தது.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அதற்கும் நாவலில் ஒரு பக்கத்தைக் காட்டுவார்கள். அவர்களுக்குக் காபி போட அடுப்பை ஊதப் போனேன்.