நகரசபைத் தலைவரும் உலக முடிவும்

வரும் பௌர்ணமியோடு உலகம் முடிகிறது என்று உபதேசியார் சொன்னபோது, ஜெபக் கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நகரசபைத் தலைவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்தவர் இடத்தை வளைத்துப் போட்டவர்களும் அதற்குத் துணை போனவர்களும்தான் முதலில் எரிவார்களாம். தலைவர் துணை போன இடங்கள் ஊரில் ஏராளம். அதில் முதலிடம் அவருடைய மைத்துனரின் டயர் கடைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் பாதியை அது விழுங்கியிருந்தது.

மறுநாள் காலையே புல்டோசரோடு போய் நின்றார். மைத்துனர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். கூரை சரிந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு சொந்தக் கட்சி அலுவலகத்தின் முன்கூடம், கமிஷன் கொடுத்தே பழகிய காண்டிராக்டரின் கிடங்கு என்று வரிசையாக இடிந்தன. கட்சி மேலிடம் கூப்பிட்டு மிரட்டியது. பௌர்ணமிக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

பௌர்ணமி வந்தது, போனது. விடிந்ததும் பால்காரர் வழக்கம்போல மணியடித்தார். வெள்ளை உடுப்போடு கூடத்தில் காத்திருந்த தலைவரின் முன்னால் மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"உலகம் அழியாமப் போனா போகட்டும். எங்க அண்ணன் கடைய எதுக்கு அழிச்சீங்க?"

தலைவர் உபதேசியாரிடம் ஓடினார். கணக்கில் சின்னப் பிசகு, தேதிதான் தள்ளிப் போயிருக்கிறது, ரத்தாகவில்லை என்றார் அவர். ஆகவே இடித்ததைத் திரும்பக் கட்டவிடவும் தலைவருக்குப் பயம்.

தேர்தல் வந்தது. கட்சி அவரைக் கழற்றிவிட்டு மைத்துனருக்குச் சீட்டுக் கொடுத்தது. 'உலகம் அழியாது' என்று சுவரெங்கும் மைத்துனரின் சுவரொட்டி. ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போவதைப் பார்த்த தெருக்காரர்கள், தலைவரைப் பிடித்திழுத்துச் சுயேச்சையாக நிறுத்தினார்கள். என்ன வாக்குறுதி தருகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் உள்ளபடியே சொன்னார்.

"என்னத்தச் சொல்ல? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

எதுவுமே தருவதாகச் சொல்லாத ஆள் ஏமாற்றமாட்டான் என்று ஜனங்கள் முடிவுகட்டி, ஓட்டைக் குத்தித் தள்ளிவிட்டார்கள்.

பதவியேற்பு மேடையில் உறுதிமொழியைப் படித்துவந்தவர், 'ஐந்தாண்டுக் காலம்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். பொய்ச் சத்தியம் ஆகிவிடுமே. அதிகாரி இருமிக் காட்டினார். அண்ணனுக்கே ஓட்டுப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி, பொறுக்கமாட்டாமல் எழுந்தாள்.

"அதுவரைக்கும் இருக்கும், நான் சொல்றேன். படிங்க."

படித்தார்.