சின்னப் பிள்ளைகளின் முறை

கேமராவைப் பார்க்க வேண்டாம், தன்னைப் பார்த்துப் பேசினால் போதும் என்றார் டாக்டர் ஞானசுந்தரி. ஆனாலும் மகேஷ்குமாரின் கண்கள் கேமராவை விட்டு நகரவில்லை. கணவர் எழுந்து போய்விடுவாரோ என்று யோகேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. மடியில் மகள் ஹர்ஷினி அவளுடைய வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தாள். தாயும் தகப்பனும் வாய்விட்டுச் சம்மதம் சொல்லி, அதைப் படம்பிடித்த பிறகுதான் பிள்ளைக்கு ஊசி போடுவார்களாம்.

மலேரியாவுக்குப் புதிதாக ஒரு தடுப்பூசி. மனிதர்களுக்குப் போட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முதலில் பெரியவர்களுக்கு, கெடுதல் ஒன்றுமில்லையென்று தெரிந்த பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு. மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே யோகேஸ்வரி போய்ப் பெயர் கொடுத்தாள். வசதியான வீட்டு மருமகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊரில், நாரணாபுரத்தில், சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஊசி போட்ட கை மறுநாளெல்லாம் கனத்துக் கிடந்தது. அந்த வலி அவளுக்கு வேண்டியிருந்தது.

மகேஷ்குமாருக்கு ஒடிசாவில், ரூர்கேலாவில் பட்டாசு மொத்த வியாபாரம். சீசன் தொடங்கினால் தீபாவளி முடியும்வரை அங்கேதான் இருப்பார். நான்கு வருஷத்துக்கு முன்னால் காலாண்டு லீவுக்கு அவளையும் மகனையும் அங்கே கூட்டிப்போனார். ஊர் திரும்பிய சில நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்குவா என்று பார்த்தார்கள். இல்லையென்றதும் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் மலேரியா யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தபோது அது மூளைக்கு ஏறியிருந்தது. ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவன். அதற்குப் பிறகு மகேஷ்குமார் அவன் பெயரைச் சொன்னதே இல்லை. போட்டோவைக்கூட பீரோவுக்குள் வைத்துவிட்டார். பேச்சில் தவிர்க்க முடியாமல் வந்தால் "அந்த வருசம்" என்பார்.

அடுத்த வருஷம் பிறந்தவள் ஹர்ஷினி. சின்னப் பிள்ளைகளின் முறை வந்ததும், அவளைக் கூட்டிவர முடியுமா என்று நர்ஸ் பாண்டிலட்சுமி போனில் கேட்டபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

"ஒண்ணக் குடுத்தது பத்தாதா ஒனக்கு?" என்றார்.

"இது குடுக்கிறது இல்லீங்க."

பல நாள் அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் இன்று காலையில் அவரே காரை எடுத்து வாசலில் நிறுத்தி, "பிள்ளையத் தூக்கிட்டு வா" என்றார்.

டாக்டர் மறுபடியும் நிதானமாகச் சொன்னார். "இந்த ஊசி மலேரியாவத் தடுக்குமான்னு எங்களுக்கு இன்னும் தெரியாது சார். பிள்ளை ஒடம்புக்கு ஒத்துக்கிடுதா, எதிர்ப்புச் சக்தி வருதான்னுதான் இப்பப் பார்க்கிறோம். காய்ச்சல் வரலாம். எப்ப வேணும்னாலும் நீங்க விலகிக்கலாம். உங்க சொந்த விருப்பத்துலதான் சம்மதிக்கிறீங்களா?"

மகேஷ்குமார் தொண்டையைச் செருமினார்.

"எம் மகன் மணிகண்டராஜ்..." என்று தொடங்கி நின்றார். "மணிகண்டராஜ். நாந்தான் கூட்டிட்டுப் போனேன். வலை கட்டித்தான் படுத்தோம். சாயங்காலம் குடோன் வாசல்ல வெளையாடுவான், லோடு எறக்குற ஆளுக பிள்ளைகளோட. அங்கன அந்தப் பிள்ளைகளுக்கு வருசா வருசம் இந்தக் காச்ச வருது. மறு சீசனுக்குப் போனா, ஒரு பிள்ளையக் காணாது..."

கேமராக்காரர் அணைப்பதற்குக் கையை நீட்டினார். டாக்டர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"போடுங்க" என்றார் மகேஷ்குமார். "சம்மதம்."

அந்தப் பெயரைக் கேட்டதும் அடுத்த அறையிலிருந்து மகனை யாரோ கூப்பிட்டது போலிருந்தது யோகேஸ்வரிக்கு. தனியாக இருக்கும்போது அவள் மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்ட பெயர்.

"மணிகண்டராஜ் யாருப்பா?" என்று கேட்டாள் ஹர்ஷினி.

ரத்தம் எடுத்துச் சோதித்து, சில நாள் கழித்து ஊசி போட்டார்கள். தொடையில் போட்டார்கள், பிள்ளை கொஞ்சம் அழுது, பிஸ்கட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் உடம்பு சுட்டது.

வரும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் கழுத்தில் வைத்த கையை யோகேஸ்வரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கை மறக்காத சூடு அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேண்டாங்க. போதும், விலகிக்கிடுதோம்னு சொல்லிருங்க. நாந்தான்... ஒண்ணக் குடுத்தது பத்தாதுன்னு நாந்தான்..."

மகேஷ்குமார் பாண்டிலட்சுமிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, பதறாதீக. இங்கன ஊசி போட்ட பாதிப் பிள்ளைகளுக்கு வந்துச்சு. சிரப்பக் குடுத்து மேலைத் தொடைச்சு விடுங்க. கொறையலைன்னா ஒடனே கூட்டிட்டு வாங்க, டாக்டர் இருக்காக. அக்காவ அழ வேண்டாம்னு சொல்லுங்க."

சிரப்பை ஊட்டியது அவர்தான். ஈரத் துணியைப் பிழிந்து கை, கால், அக்குள் என்று துடைத்துக்கொண்டே இருந்தார். யோகேஸ்வரி பிள்ளையைத் தொடவே இல்லை.

"அடுத்த மாசம் ரெண்டாவது ஊசிக்கு..." என்று அவர் ஆரம்பித்தார். அவள் நிமிர்ந்து பார்த்ததும் முடிக்காமல் விட்டுவிட்டார்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். ஹர்ஷினி தூக்கத்தில் புரண்டு படுத்தாள். அவளுடைய மேலுதட்டில் வியர்வை பொடிப்பொடியாக அரும்பியிருந்தது. அன்று மகனுக்கு எத்தனை துடைத்தும் வியர்க்கவே இல்லை. மகேஷ்குமார் துணியோடு குனிந்தார்.

"துடைக்காதீக" என்றாள் யோகேஸ்வரி.

நெற்றியில் ஒரு துளி திரண்டு, புருவத்தைத் தாண்டி, மெல்ல வழிந்து தலையணையில் இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.