ஜெயலக்ஷ்மி மீனை விட்ட வாரம்

ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் வந்து நின்று என் பெண் சொன்னாள்: "அம்மா, நான் இனிமே மீன் சாப்பிடப்போறதில்லை."

நான் பாட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்ட பிறகுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. மட்டாஞ்சேரியில் அய்யர் குடும்பம் நாங்கள். சந்தில் அடிக்கிற மீன் நாற்றத்துக்குப் பயந்து அடுக்களை ஜன்னலைப் பதினாறு வருஷமாகத் திறந்ததில்லை. பிஸ்கட்டில் முட்டை இருக்கிறது என்று யாரோ சொன்னதற்காக முழு டின்னையும் குப்பையில் கொட்டியவள் நான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண், பதினைந்து வயசு, இனிமேல் சாப்பிடப்போவதில்லையாம். அப்படியானால் இதுவரைக்கும்?

"இதுவரைக்கும் சாப்பிட்டேன்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "ஏழு வருஷமா. அங்கம்மாக்கா வீட்டுல."

அடுப்பில் கடுகு கருகுகிறது, அதை இறக்கத் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, இவர் அண்ணா வீட்டுத் திவசத்துக்குப் பாலக்காடு போயிருந்தார். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸில் வேலை, ஊரில் பெரிய பெயர். இது காதில் விழுந்தால் அவளை வீட்டில் வைத்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

பிறகு வாய் வந்துவிட்டது. என்னென்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவள் ஓடவும் இல்லை, அழவும் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னாள். போன வியாழக்கிழமை அங்கம்மாள் சாளை மீன் அறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியதாம். அன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தாளாம், தொண்டையில் இறங்கவில்லையாம். அதோடு சரி, இனிமேல் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டாள். ஆனால் சாயங்காலம் சந்தில் மணம் வந்தால் நாக்கில் ஜலம் ஊறுகிறதாம்.

"மனசு வேண்டாங்கறது. நாக்கு கேக்கமாட்டேங்கறது. நீ கூட நிக்கணும் அம்மா."

"இதுக்குக் கூட வேற நிக்கணுமா? ஆயுசுக்கும் நான் தொட்டதில்லை, உங்கப்பா தொட்டதில்லை. எங்களுக்கு யார் கூட நின்னா?"

"நீ தொட்டதில்லை. விட்டதில்லையே அம்மா. நான்னா விடறேன்."

என் கோபம் முழுக்க அங்கம்மாள் மேல் திரும்பியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

அங்கம்மாள் வீடு இரண்டு வீடு தள்ளி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் பிச்சை, கொச்சங்காடி கோடவுனில் இஞ்சி மூட்டை தூக்குகிறவன். எழுபத்தொன்றில் எனக்கு டைபாய்டு வந்து நாற்பது நாள் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவர் ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைய, எட்டு வயசு ஜெயாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தெய்வம் மாதிரி வந்தாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் வாசலில் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். சந்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றிருந்தது.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பத்து நாளு தனிப் பானையில சோறு வடிச்சு மோரு ஊத்திக் குடுத்தேன் மாமி. தொடல. நீங்க வருவீகன்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா. ஒரு நா நான் சாப்புடுற தட்டுல தானா வந்து கைய வச்சா. தட்டி விட எனக்கு மனசு வரல. ஒங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

நாற்பது நாளில் குழந்தை என்ன சாப்பிட்டது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது கன்னம் உப்பியிருந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். பிச்சை தட்டுக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டில் சோறும் பருப்பும். அந்த வீட்டு வாசலில் முதல்முறையாக மீன் நாற்றம் இல்லை.

"மூணு நாளா இதான் மாமி" என்றான். "பாப்பாவுக்கு நாக்கு அடங்குறவரைக்கும் இந்த வீட்டுல மீனே கெடையாதாம்."

பெற்றவள் நான் கத்திக்கொண்டு நிற்கிறேன். கொடுத்துப் பழக்கியவள் அதற்குள் அடுப்பையே மாற்றிவிட்டாள். வெட்கமாகப் போயிற்று எனக்கு. குரலைத் தாழ்த்தி, நாக்கை அடக்க என்னடி பண்ணுவது என்று கேட்டேன்.

"ஊருல காப்புக் கட்டுனா நாங்களும் கவிச்சி தொட மாட்டோம்ல. நாக்கு மீனைக் கேக்காது மாமி, அந்தக் கொழம்பத்தான் கேக்கும். மீனுக்குப் பதிலு வாழைக்காயப் போடுங்க" என்றாள். குடம்புளி, சின்ன வெங்காயம், வெந்தயம், தேங்காய் எண்ணெய் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பூண்டு என்றதும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டு வாசற்படியைப் பூண்டு தாண்டியதே கிடையாது. கொடு என்று கையை நீட்டினேன். அடுப்பில் ஏற்றாத புது மண்சட்டி ஒன்றை எடுத்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள்.

பூண்டு உரித்த விரலை மோந்து பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. மிளகாய்க் கமறல் தாங்காமல் அந்த ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று. குழம்பு கொதித்ததும் ஜெயா கூடத்திலிருந்து பதறிப்போய் ஓடி வந்தாள்.

"அம்மா, நம்மாத்துலயா?"

"வாழைக்காய்தான். உக்காரு."

முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து ஜலம் வழிந்தது. காரத்துக்கா வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை. மறுபடி சோறு போட்டேன், மறுபடியும் கேட்டாள்.

அவள் கை கழுவப் போனதும் கரண்டியில் ஒட்டியிருந்த குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். புளிப்பும் காரமும் சேர்ந்து உச்சந்தலைக்கு ஏறிற்று. நாற்பத்திரண்டு வயசில் அப்படி ஒரு ருசி என் நாக்கில் பட்டதில்லை. மீன்கூட இல்லை, வெறும் வாழைக்காய்.

ஜெயா திரும்பி வந்தபோது கை என் வாயருகிலேயே இருந்தது.

"இதையாடீ விட்டே?" என்றேன்.